படத்தோட கீழ்ப் பாதி

ஆமா டீச்சர், பதினாலு ஸ்லைடுதான். நீங்க எண்ணினது சரிதான். நேத்து பாத்துட்டு நல்லாருக்குக்கான்னு சொன்னீங்கல்ல, அப்ப எட்டுதான் இருந்துச்சு. சட்டைக்கு இஸ்திரி போடுவது எப்படி. காலர், கை, முதுகு, பட்டன் பட்டி, கடைசியா மடிக்கிறது. மீதி ஆறையும் இன்னைக்குக் காலைல போட்டேன். வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிக்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் இந்த ரூமுக்கு வந்துட்டேன்.

இல்ல இல்ல, இப்பத் திறக்காதீங்க. முதல்ல வாயால சொல்லிடறேன், அப்புறம் பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, நம்ம கிளாஸ் நிறைவு விழா இன்னும் ஆரம்பிக்கல, ஹால்ல லைப்ரரிக்காரர் இன்னும் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோன்னுக்கிட்டிருக்காரு. அப்புறம் வரவேற்பு, அப்புறம் பேக்கரிக்காரர் கேக்கைப் பத்திப் பேசணும், பஸ் டிரைவர் அவரோட ரூட்டைப் பத்திப் பேசணும். நான் ஆறாவது ஆளு. உக்காருங்க டீச்சர். அஞ்சு மாசமா நீங்க நின்னுக்கிட்டே சொல்லிக் குடுத்தீங்க, நாங்க உக்காந்துக்கிட்டே கேட்டோம். இன்னைக்கு ஒரு நாள் நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன். எனக்கு நின்னு பழக்கம். முப்பது வருஷமா இஸ்திரி மேசை முன்னாடி நின்ன காலு இது.

முதல் நாள் ஞாபகம் இருக்கா? ஏன் கம்ப்யூட்டர் கத்துக்க வந்தீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டீங்க. கேக் ஆர்டர் எடுக்கன்னாரு பேக்கரிக்காரர். வெளிநாட்டுல இருக்கற பொண்ணு முகத்தைப் பாக்கன்னாரு டிரைவர். நான் சலவைக் கடைக்கு சீட்டு அடிக்கன்னு சொன்னேன். அது பொய். எங்க கடைல துணிக்கு ஒரு துண்டுத் துணில நம்பர் எழுதி ஊக்கு குத்துவோம், அவ்வளவுதான் சீட்டு.

மவுஸை மத்தவங்கல்லாம் பயந்து பயந்து தொட்டாங்க. நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற பிடியில பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கித் தள்ளினேன். அம்பு ஓடிப் போயி திரை மூலைல ஒளிஞ்சுக்கிச்சு. நீங்க வந்து என் கைமேல கை வெச்சு, மெதுவாக்கா, துணி ஒண்ணும் சுருங்கல இங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். உங்க மேல ஒரு பிரியம் அப்பவே ஒட்டிக்கிச்சு. அதையும் சொல்லி வெச்சுடறேன், பின்னாடி சொல்ல முடியுமோ முடியாதோ.

நான் எதுக்கு வந்தேன்னு கேக்கறீங்களா? ஸ்லைடு செய்யக் கத்துக்கத்தான் வந்தேன். வேற எதுவும் வேணாம்னுதான் வந்தேன். எழுத்து பறந்து வந்து உக்காருமே, அது எப்படி உக்காருதுன்னு தெரிஞ்சுக்க.

எனக்கு ஒரு தம்பி. பதினோரு வயசு இளையவன். அம்மா போனப்புறம் நான்தான் தலை சீவி விட்டு வளத்தேன், அதனால அக்கான்னு கூப்பிட்டாலும் அதட்டறது அம்மாவை அதட்டற மாதிரிதான் அதட்டுவான். அவனுக்கு உயரக் கட்டடத்துல கண்ணாடி துடைக்கிற வேலை. மொட்டை மாடிலேருந்து கயிறு விட்டு, பலகைல உக்காந்துக்கிட்டு, வாளியும் பிரஷ்ஷுமா மாடி மாடியா இறங்கி வருவான். உள்ள ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்யறவங்க முன்னாடி சோப்பு நுரைல ஒரு மூஞ்சி வரைவான், அவங்க சிரிச்சதும் ஒரே இழுப்புல துடைச்சுட்டுக் கீழ இறங்கிடுவான். ஒரு நாள் நான் ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தேன். பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

பயப்படாதக்கா, ரெண்டு கயிறு இருக்குன்னு சொல்லுவான். ஒண்ணு உக்கார்ற பலகைக்கு, இன்னொண்ணு இடுப்பு பெல்ட்டுக்கு. பலகை நழுவினாலும் பெல்ட்டுக் கயிறு தூக்கிப் பிடிச்சுக்கும். ஏறுறதுக்கு முன்னாடி பெல்ட்டை மூணு தடவ இழுத்துப் பாப்பானாம். கூட வேலை செய்யற பசங்க அதை வெச்சே அவனைக் கிண்டல் பண்ணுவாங்க.

அவங்களுக்கு ஒரு சூப்பர்வைசர். எல்லாரும் அவனை விசில்னுதான் சொல்லுவாங்க. கீழ நின்னுக்கிட்டு விசில் ஊதியே வேலை வாங்குவான். ஒரு ஊதல்னா இறங்கு, ரெண்டு ஊதல்னா பக்கத்து ஜன்னலுக்குப் போ. அவன் மேல ஏறி ஒரு நாளும் நான் பாத்ததில்லக்கான்னு தம்பி சொல்லுவான்.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து, அக்கா, பெல்ட்டுக் கயிறு நூல் விட ஆரம்பிச்சுடுச்சு, மூணு தடவ சொல்லிட்டேன், பாக்கலாம் பாக்கலாம்னே சொல்றான் விசில்னு சொன்னான். அப்படின்னா நாளைக்குப் போகாதடான்னேன். நான் போகலன்னா வேற ஒருத்தனை அதே கயித்துல இறக்குவான்க்கா, நானாவது பாத்து இறங்குவேன்னான். அப்படிப்பட்ட ஆளு அவன். நான் அப்பவே அவனை ரூம்ல போட்டுப் பூட்டியிருக்கணும்.

செவ்வாக்கிழமை, பகல் பதினோரு மணி. நாலாவது மாடிலேருந்து விழுந்தான். கீழ ஒரு மருந்துக்கடை முன்னாடி வெயிலுக்குப் படுதா கட்டியிருந்தாங்க, அது மேல விழுந்து, அதுவும் கிழிஞ்சு, அப்புறம் தரைல. படுதா இல்லன்னா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். உசுரு இருக்கு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. தலைல அடி பட்டதுல அன்னைக்குக் காலைல நடந்தது அத்தனையும் துடைச்ச மாதிரி போயிடுச்சு. நான் டீ குடுத்தது ஞாபகம் இல்ல, சட்டைல ஒரு பட்டன் இல்லன்னு என்கிட்ட கத்தினது ஞாபகம் இல்ல, மாடிக்கு ஏறினது ஞாபகம் இல்ல.

வரவேற்பு முடிஞ்சுடுச்சு போல, கை தட்டறாங்க. பேக்கரிக்காரர் ஆரம்பிச்சுடுவாரு. அவரோட கேக்குப் படம் மட்டும் பதினேழு இருக்கு, மெதுவாத்தான் முடிப்பாரு.

என்ன டீச்சர், தண்ணி வேணுமா? இந்தாங்க, என் பாட்டில்தான், வாய் வெக்காம குடிக்கிறதுதான். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வெக்கறேன். வேர்க்குது உங்களுக்கு.

ஒம்பதாம் நாள் விசில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கூட தொழிலாளர் ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி, விசாரணைன்னு. ஆப்பிள் ஒரு பை. சாப்பாட்டுத் தட்டு வெக்கற மேசை ஒண்ணு கட்டிலுக்குக் குறுக்கால நீட்டி விடுவாங்கல்ல, அதுல லேப்டாப்பை வெச்சான். தலைல கட்டோட படுத்திருக்கறவனுக்கு முன்னாடி. ஒண்ணொண்ணா ஸ்லைடு தள்ளினான். முதல் ஸ்லைடுல கட்டடம். ரெண்டாவதுல கம்பெனி குடுக்கற பாதுகாப்புச் சாமான்னு வரிசையா படம். எல்லாம் நீலக் கலரு, ஓரத்துல மஞ்சப் பட்டை, பாக்கவே அழகா இருந்துச்சு, அதுதான் கொடுமை. ஏழாவது ஸ்லைடுல ஒரு போட்டோ. மொட்டை மாடி ரூம்ல, சுவத்து ஆணில தம்பியோட பெல்ட்டு தொங்குது. சுத்தி சிவப்புல ஒரு வட்டம். அப்புறம் எழுத்து பறந்து வந்துச்சு டீச்சர். ஒவ்வொரு வார்த்தையா பக்கத்துலேருந்து பறந்து வந்து, டங்குன்னு ஒரு சத்தத்தோட உக்காந்துச்சு. விபத்தின்போது. டங். பெல்ட். டங். அணியப்படவில்லை. டங்.

தம்பி அதையே பாத்துக்கிட்டிருந்தான். ஐயோ, நான் போடலையா சார்னு கேட்டான். குழந்தை கேக்கற மாதிரி. விசில் தலையை ஆட்டினான். அவசரத்துல மறந்துட்டப்பா, மனுஷன்தானேன்னு சொல்லி அவன் தோளைத் தட்டினான். பெல்ட்டு போடலன்னு எழுதின பேப்பரை அதிகாரி நீட்டினாரு, தம்பி கையெழுத்துப் போட்டான். பேனாவை விசில்தான் அவன் விரலுக்குள்ள வெச்சு விட்டான்.

நானா? நான் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணு தடவ இழுத்துப் பாக்கறவன் எப்படிடா மறப்பான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் டீச்சர், சண்டைன்னு வந்தா எங்க தெருவுல என்கூட யாரும் வாய் குடுக்க மாட்டாங்க. யாராவது பேசினா பதிலுக்குப் பேசிடலாம். படம் காட்டறவன்கிட்ட என்னத்தைப் பேசறது? என்கிட்ட படம் இல்லயே.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொன்னாத்தான் நான் ஏன் இப்படி ஆனேன்னு உங்களுக்குப் புரியும். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருக்கும். அக்கா, விசில் சாருக்கு ஒரு போன் போட்டுக் குடுன்னான். எதுக்குடான்னேன். குடேன்னான். போட்டுக் குடுத்தேன். சார், என்னால உங்களுக்குக் கெட்ட பேரு, கம்பெனிக்குக் கெட்ட பேரு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னான். என் தம்பி. நான்தான் போனை அவன் காதுல பிடிச்சுக்கிட்டிருந்தேன், விசில் பதில் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. பரவால்லப்பா, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலன்னான். மனசுல வெச்சுக்கலையாம்! பெரிய மனசு!

போனை வெச்சுட்டு நான் நேரா கடைக்குப் போனேன். விசிலோட சட்டையெல்லாம் எங்க கடைக்குத்தான் வரும், ரொம்ப வருஷமா. அன்னைக்கும் அஞ்சு சட்டை கிடந்துச்சு. ஒண்ணை எடுத்து விரிச்சு, நெஞ்சுப் பக்கத்துல பெட்டியை வெச்சேன். எடுக்கல. அப்படியே நின்னேன். புகை வந்துச்சு, கருகின வாடை வந்துச்சு, அந்த வாடை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு டீச்சர், சொன்னா நம்ப மாட்டீங்க. முதலாளி ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கினாரு. அப்புறம்தான் நினைச்சேன், சட்டையைக் கருக்கி என்ன பிரயோஜனம், வேற சட்டை போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துவான். அவன் எதை வெச்சு அடிச்சானோ அதை வெச்சே அடிக்கணும். அன்னைக்கு சாயங்காலம்தான் இந்த லைப்ரரி வாசல்ல நோட்டீஸ் பாத்தேன். வயசு வரம்பு இல்ல, அடிப்படைக் கம்ப்யூட்டர், ஸ்லைடு தயாரித்தல், மக்கள் முன்னால் பேசுதல். இலவசம்.

தொழிலாளர் ஆபீஸுக்கு எத்தனை தடவ நடந்தேன்னு கணக்கில்ல. விசாரணைல காட்டின படத்தை எனக்கும் குடுங்கன்னு கேட்டேன். எதுக்கும்மான்னாங்க. தம்பி பாக்கணுங்கறான்னு சொன்னேன். கடைசில ஒருத்தருக்குப் போதும்டா சாமின்னு ஆயி, ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு. அதை ஜாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத்தான் உங்க கிளாஸுக்கு வருவேன். வந்த புதுசுல அதைத் திறக்கக் கூடத் தெரியாது எனக்கு.

எழுத்தைப் பறக்க விடறது எப்படின்னு நீங்க காட்டின அன்னைக்கு நான் பாதில எந்திரிச்சுட்டேன். வெளில போயி முகம் கழுவிட்டு வந்தேன். அப்ப என்னக்கா, உடம்பு சரியில்லையான்னு கேட்டீங்க. ஒண்ணுமில்லன்னேன். திரும்பி வந்து உக்காந்து, வணக்கம்னு ஒரு வார்த்தையைப் பறக்க விட்டேன். பதினஞ்சு தடவ விட்டேன். ஓஹோ, இவ்வளவுதானா நீ, ஒரு பட்டன்தானா நீன்னு தோணுச்சு. பயம் போன நாள் அதுதான்.

அப்புறம் ஏழாவது வாரம். படத்தை வெட்டறது எப்படின்னு சொல்லிக் குடுத்தீங்க. கிராப். ஒரு பூந்தொட்டிப் படம் போட்டு, தொட்டியை வெட்டிட்டு பூவை மட்டும் வெச்சீங்க. வெட்டினது எங்க போச்சு டீச்சர்னு டிரைவர் கேட்டாரு. எங்கயும் போகல, பின்னாடி ஒளிஞ்சிருக்கு, பாருங்கன்னு சொல்லி மறுபடி கிராப்பை அழுத்தி ஓரத்தைப் பிடிச்சுக் கீழ இழுத்தீங்க. தொட்டி திரும்பி வந்துடுச்சு. எல்லாரும் ஆன்னாங்க.

என் கை ஜாக்கெட்டுக்குள்ள இருந்த பென் டிரைவைத் தொட்டுப் பாத்துச்சு. ஏன்னா அந்த ஏழாவது ஸ்லைடை நான் தினம் தினம் பாத்துப் பாத்து, அந்தப் போட்டோ மட்டும் ஒரு மாதிரி குட்டையா இருக்குன்னு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் நெட்டையா நிக்குது, இது மட்டும் இடுப்போட நிக்குது. துணி பாக்கற கண்ணு டீச்சர், ஒரு விரக்கடை குறைஞ்சாலும் தெரியும்.

பழகற நேரத்துல பென் டிரைவைப் போட்டேன். போட்டோ மேல கிளிக் பண்ணேன். கிராப். கீழ் ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு வரும்ல, அதைப் பிடிச்சு இழுத்தேன். மெதுவாத்தான் இழுத்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி தள்ளல.

பெல்ட்டுக்குக் கீழ கயிறு இருந்துச்சு. பெல்ட்டுல மாட்டின மேனிக்கே, ஒரு முழம் தொங்குது. அது முடியற இடத்துல அந்து போயி, நூல் நூலா, எண்ணெய் வெக்காத தலை மாதிரி விரிஞ்சு நிக்குது. பெல்ட்டோட பக்கிள் கிட்ட ரத்தம்.

அவன் போட்டிருந்தான் டீச்சர். பெல்ட்டு போட்டுத்தான் இறங்கினான். கயிறுதான் அந்துச்சு. விழுந்தவனோட இடுப்புலேருந்து கழட்டிக் கொண்டு போயி ஆணில மாட்டிப் படம் எடுத்திருக்காங்க. எடுத்த அவசரத்துல கயித்தையும் சேத்து எடுத்துட்டானுங்க. அதைக் கீழயிருந்து வெட்டி மறைச்சிருக்காங்க.

பக்கத்து மெஷின்ல பேக்கரிக்காரர் கேக்குக்கு பார்டர் போட்டுக்கிட்டிருந்தாரு. நீங்க எங்க பின்னாடியே நடந்துக்கிட்டிருந்தீங்க. நீங்க கிட்ட வரவும் சட்டுனு மூடிட்டேன். என்னக்கா ரகசியம்னு சிரிச்சீங்க.

ஏன் நேரா ஆபீஸுக்குப் போகலன்னா கேக்கறீங்க? போயிருந்தா ஒரு மனு வாங்கி வெச்சுக்கிட்டு, ஒரு சீல் குத்தி, விசிலைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பாங்க. அவன் இன்னொரு படம் செஞ்சு எடுத்துட்டு வந்திருப்பான். தம்பிகிட்ட ஏன் சொல்லலன்னும் கேப்பீங்க. வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான். எனக்காகச் சொல்றக்கான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவான். அவனைக் குத்தவாளியாக்கினது வெளிச்சம் போட்ட படம். நிரபராதின்னும் வெளிச்சம் போட்டுத்தான் காட்டணும், பெருசா, சுவரு முழுக்க. விசில் அங்க உக்காந்திருக்கணும். எந்திரிச்சு ஓட முடியாத எடத்துல உக்காந்திருக்கணும்.

அதனால ஒரு அழைப்பிதழ் அடிச்சேன். எட்டாவது பாடம், கடிதம் தயாரித்தல், நீங்க பத்துக்கு ஒம்பது போட்டீங்க. ஆமா, நம்ம மையத்தோட லெட்டர்பேடுதான். தப்புதான், தெரியும். பல ஆண்டுகளாகத் தொழிலாளர் பாதுகாப்புக்காக உழைத்து வரும் தங்களைப் பாராட்டிச் சிறப்பிக்க விரும்புகிறோம்னு எழுதினேன். கீழ என் நம்பரைத்தான் போட்டிருந்தேன், ரெண்டாம் நாளே போன் பண்ணிட்டான், மாலை உண்டான்னு கேட்டான். உண்டுன்னு சொன்னேன். போன வாரம் ஒரு வெள்ளைச் சட்டை கடைக்கு வந்துச்சு, விசேஷத்துக்கு, நல்லா விறைப்பா போடச் சொல்லுன்னு சொல்லி அனுப்பியிருந்தான். என் வாழ்க்கைல அப்படி ஒரு இஸ்திரி நான் யாருக்கும் போட்டதில்ல. காலர் கத்தி மாதிரி நிக்கும். கதவு இடுக்கு வழியா பாருங்க, முன் வரிசை, நடு நாற்காலி. அவன்தான்.

அவனுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி தொழிலாளர் ஆபீஸ் அதிகாரி, அவருக்கும் ஒரு லெட்டரு. கடைசி ரெண்டு வரிசை முழுக்க கயித்துல தொங்கற பசங்க, பதினோரு பேரு, லீவு போட்டுட்டு வந்திருக்கானுங்க. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது, அக்கா மேடைல பேசுதுன்னு வந்திருக்கானுங்க. ஓரமா சக்கர நாற்காலில நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் இருக்கானே, அதான் என் தம்பி. வந்ததும் வராததுமா விசிலுக்குக் கும்பிடு போட்டான். அதை நான் பாத்தேன். பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே தண்ணி குடுத்தேன் ரெண்டு பேருக்கும்.

பஸ் டிரைவர் முடிச்சுட்டாரு போலிருக்கு. கை தட்டு பலமா இருக்கு, பொண்ணு போட்டோ போட்டிருப்பாரு. இன்னும் ரெண்டு பேரு.

எந்திரிக்காதீங்க டீச்சர். கதவை நான்தான் சாத்தினேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

ஒம்பதாவது வாரம் ஒரு சின்னப் பாடம் எடுத்தீங்க. பத்து நிமிஷம்தான். ஒரு ஃபைலை யார் செஞ்சாங்க, எப்ப செஞ்சாங்கன்னு அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும், விவரம்னு இருக்கற இடத்துல போயிப் பாக்கலாம்னு. எல்லாரும் அவங்கவங்க ஃபைலைத் திறந்து அவங்க பேரைப் பாத்துக்கிட்டாங்க. பேக்கரிக்காரர் அவர் பேரைப் பாத்துட்டுப் படம் கூட எடுத்துக்கிட்டாரு. நான் பென் டிரைவ்ல இருந்ததைத் திறந்தேன். விசில் பேரு இருக்கும்னு நினைச்சேன்.

உங்க பேரு இருந்துச்சு டீச்சர். இனிஷியலோட.

எனக்கு முன்னாடியே சந்தேகம் வந்திருக்கணும். அதே நீலம், அதே மஞ்சப் பட்டை, அதே டங். முதல் நாள் நீங்க போட்டுக் காட்டின ஸ்லைடுலயே இருந்துச்சு. இந்த ஊர்ல கம்பெனிங்களுக்கு ஸ்லைடு செஞ்சு குடுக்கறவங்க எத்தனை பேரு இருக்கப் போறாங்க? ஆனா எனக்குத் தோணவே இல்ல. கைமேல கை வெச்சுச் சொல்லிக் குடுத்த ஆளு.

ரெண்டரை மாசமா தெரியும். மறுநாள் உங்களுக்கு டீ வாங்கிட்டு வந்து வெச்சேன், மேசையெல்லாம் சிந்திடுச்சு, நீங்கதான் துடைச்சீங்க. அதுக்கப்புறம் ஒரு கிளாஸ் விடல. ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெக்கறது எப்படின்னு உங்ககிட்டதான் கேட்டேன். வெட்டின படத்தை மெதுவா விரிச்சுக் காட்டறது எப்படின்னு உங்ககிட்டதான் கேட்டேன். சட்டை மடிப்பு விரியறதைக் காட்டணும்னு சொன்னேன், நம்பினீங்க. நான் இன்னைக்குக் காட்டப் போற ஆறு ஸ்லைடும் உங்க கையால கத்துக்கிட்டது. வேணும்னேதான் அப்படிப் பண்ணேன். மறைக்க விரும்பல.

சொல்லுங்க, சொல்லுங்க. என்ன படம்னு தெரியாதுன்னா? கீழ கொஞ்சம் வெட்டிடும்மா, அசிங்கமா இருக்குன்னு சொல்லியிருப்பான். நீங்க வெட்டியிருப்பீங்க. ஆனா வெட்டறவங்க பாக்காம வெட்ட முடியாது டீச்சர், கோட்டை எங்க நிறுத்தணும்னு பாத்துத்தான் நிறுத்தணும். நூலு பிரிஞ்சதுக்கு ஒரு இழை மேல நிறுத்தியிருக்கீங்க.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. வெட்டினதை அடியோட அழிச்சுடறதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்காம். நீங்க எங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கல, நானா தேடிக் கண்டுபிடிச்சேன். உங்களுக்குத் தெரியாம இருக்காது. அதை அழுத்தியிருந்தா எனக்கு இன்னைக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது. மறந்துட்டீங்களா, இல்ல மனசு கேக்காம விட்டு வெச்சீங்களா? சில நாள் விட்டு வெச்சீங்கன்னு தோணும், அன்னைக்கு உங்களைப் பாத்தா பாவமா இருக்கும். சில நாள் மறந்துட்டீங்கன்னு தோணும், அன்னைக்கு உங்க பின்னந்தலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன், நீங்க போர்டுல எழுதி முடிக்கிற வரைக்கும்.

வேணாம், என்கிட்ட சொல்லாதீங்க. நான் இனிமே கேட்டு என்ன பண்ணப் போறேன்.

கண்ணைத் துடைச்சுக்கோங்க. அழுத முகத்தோட போனா விசில் மோப்பம் பிடிச்சுடுவான், படம் போடறதுக்கு முன்னாடியே நழுவிடுவான். இந்தாங்க கைக்குட்டை, சலவை பண்ணதுதான்.

கேக்குதா? என் பேரைத்தான் கூப்பிடறாங்க. நீங்களும் என்கூட மேடைக்கு வர்றீங்க. நான் ஸ்லைடைத் தள்ளறேன், கடைசில உங்க பேரு வரும், அப்ப மைக்கை உங்க கைல குடுப்பேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அதிகாரிக்குச் சொல்ல வேண்டாம். ஓரத்துல இருக்கானே, அவன் முகத்தைப் பாத்து, நீங்க பெல்ட்டு போட்டிருந்தீங்க, இன்னார் சொல்லி நான்தான் வெட்டினேன்னு சொல்லுங்க. ஒரு வாக்கியம். முடியலன்னா சும்மா நில்லுங்க, எனக்குச் சம்மதம். நான் ஸ்லைடை மாத்த மாட்டேன். உங்க பேரு சுவத்துல அப்படியே இருக்கும், எவ்வளவு நேரம் ஆனாலும்.

நடங்க டீச்சர். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வரேன்.